பசித்த வயிறும் பதறும் மனமும்

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் பிரிவு)



நம் பக்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் முதலில் கேட்பது "சாப்ட்டியா?" என்பதுதான். கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. பதில் சொல்பவரும் யோசிப்பதில்லை. "சாப்ட்டாச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம். சாப்பிடாதவரும் அதையேதான் சொல்கிறார். சாப்பிடாதவர் ஏன் "சாப்ட்டாச்சு" என்கிறார்? அப்படிச் சொல்லும்போது அவர் மனசுக்குள் என்ன நடக்கிறது? இதைப் பற்றிக் கொஞ்சம் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பசி வயிற்றைச் சேர்ந்தது, கவலை மனதைச் சேர்ந்தது என்று நாம் தனித்தனியாக நினைக்கிறோம். ஆனால் ஔவையார் அப்படி நினைக்கவில்லை. 'நல்வழி'யில், பசி வந்தால் மனிதனை விட்டுப் பறந்துபோகும் பத்தைப் பட்டியல் போட்டிருக்கிறார். அந்தப் பத்தில் கல்வி உண்டு, அறிவு உண்டு, முயற்சி உண்டு. டிப்ளமோ படிக்கிற நமக்கு வேண்டிய மூன்றுமே அதில் போய்விடுகின்றன!

முதல் கேள்வியே கவலைதான்

1996ஆம் ஆண்டு ரோம் நகரில் உலக உணவு மாநாடு நடந்தது. எல்லா மக்களுக்கும், எல்லாக் காலத்திலும், போதுமான சத்துள்ள உணவு கைக்கு எட்ட வேண்டும். அதுதான் உணவுப் பாதுகாப்பு என்று அங்கே வரையறுத்தார்கள். இதில் 'எல்லாக் காலத்திலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்றைக்குச் சோறு இருந்தால் மட்டும் போதாது. நாளைக்கும் இருக்கும் என்ற நிச்சயம் வேண்டும்.

இதை அளப்பதற்கு ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. கையில் காசு இல்லாமல் கடந்த ஓராண்டில் உங்களுக்கு இப்படி நேர்ந்ததா என்று கேட்பார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டீர்களா? சத்தான உணவு சாப்பிட முடியாமல் போனதா? ஒரே மாதிரி உணவையே திரும்பத் திரும்பச் சாப்பிட்டீர்களா? ஒரு வேளையை விட்டீர்களா? அளவைக் குறைத்தீர்களா? வீட்டில் உணவே தீர்ந்துபோனதா? பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா? ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தீர்களா?

எட்டாவது கேள்வியில்தான் முழுப் பட்டினி வருகிறது. முதல் கேள்வி எதைப் பற்றியது? கவலையைப் பற்றியது! அதாவது, பானையில் அரிசி இருக்கும்போதே மனம் பட்டினியைத் தொடங்கிவிடுகிறது. 149 நாடுகளின் தகவல்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. உணவு நிச்சயமின்மை கூடக்கூட மனநலமும் படிப்படியாகக் குறைகிறது என்றும், வருமானக் குறைவைத் தனியாகக் கழித்துப் பார்த்தாலும் இந்தத் தொடர்பு நிற்கிறது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது.

மூளைக்கும் கரண்ட் வேண்டும்

நம் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதன் முக்கிய எரிபொருள் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ். அது இறங்கும்போது தூக்கி நிறுத்துவதற்காக உடம்பு அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. நாம் பயப்படும்போது சுரப்பதும் இவைதாம்! பசி நேரத்தில் கை நடுங்குவதும், நெஞ்சு படபடப்பதும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவதும் இதனால்தான். பசிக்கிறவன் கோபக்காரன் அல்ல. அவன் உடம்பு அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருக்கிறது.

நம் பாடத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தண்ணி மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும்? லோடு அப்படியே இருக்கிறது. ஆகவே மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கிறது. சூடாகிறது. அப்படியே விட்டால் வைண்டிங் கருகுகிறது. பசியோடு வேலை செய்பவர் நிலையும் இதுதான். வேலை குறையவில்லை, பரீட்சை குறையவில்லை, வீட்டுப் பாரம் குறையவில்லை. உள்ளே வருவது மட்டும் குறைந்துவிட்டது. உள்ளுக்குள் கருகுவது வெளியே தெரிவதில்லை.

வயிறு நிறைந்தாலும் சத்து நிறையாமல் போகலாம். இரும்புச்சத்து குறைந்தால் ரத்தசோகை. அது வந்தால் அசதி, கவனக்குறைவு, எதிலும் பிடிப்பின்மை எல்லாம் கூடவே வரும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! "பொம்பளப் பிள்ளைக எப்பவும் சோர்ந்துதான் இருக்கும்" என்று சொல்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

36 வாலிபர்களின் சோதனை

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாமாகவே அதற்கு முன்வந்தார்கள். உடலும் மனமும் நன்றாக உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரை வயிற்று உணவு. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி போன்றவைதான்.

எடை கால் பங்கு குறைந்தது. அதை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் மனம்? கலகலப்பாக இருந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நண்பர்களை விட்டு விலகினார்கள். எரிச்சல், சோர்வு, துக்கம். படிப்பில் நாட்டம் போனது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு; சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள்! மறுபடி உணவு கொடுத்த பிறகும் மனம் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்தச் சோதனை என்றைக்கு முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் தம்பி தங்கை பசித்திருக்கவில்லை. கடன்காரர் வாசலில் நிற்கவில்லை. "இவன் சாப்பிடாதவன்" என்று யாரும் கேவலமாகப் பார்க்கவுமில்லை. வெறும் பசி மட்டுமே இவ்வளவு செய்தது என்றால், பசியோடு கவலையும் வெட்கமும் சேர்ந்தால் என்ன ஆகும்?

நம் பட்டாசு பூமியில்

அதற்குப் பதில் தேடி அமெரிக்கா வரை போக வேண்டாம். சூலக்கரையில் எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா பட்டாசு ஆபீசுக்குப் போகிறார். (வெளியூர் நண்பர்களுக்கு: இங்கே தீப்பெட்டி ஆலையும் பட்டாசு ஆலையும் 'ஆபீஸ்'தான்!) பெரும்பாலும் செய்த வேலைக்குத்தான் கூலி. மழை பெய்தால் காயவைக்க முடியாது, வேலை இல்லை. எங்காவது விபத்து நடந்து அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் சுற்றுவட்டாரத்தில் பல ஆபீஸ்கள் மூடிக்கிடக்கும். ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடி முடித்ததும் எங்களுக்கு வேலையில்லாக் காலம் ஆரம்பம். பின்னாலேயே ஐப்பசி கார்த்திகை மழை.

2018ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றித் தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்பும் சரவெடியும் கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்யலாம் என்றது. காற்று கெடுவதைத் தடுக்க வந்த தீர்ப்பு அது. தொழில் நடத்த வழி தெரியாமல் நவம்பரில் மூடிய ஆலைகள் 2019 மார்ச்சில்தான் திறந்தன. அப்போது நான் ஆறாம் வகுப்பு. வீட்டில் முழுப் பட்டினி கிடந்தோம் என்று சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசி இருந்தது. 2011 ஜூன் முதல் அது விலையில்லாமலே கிடைத்து வந்தது. அந்த அரிசி மட்டும் இல்லாவிட்டால் எங்கள் தெருவின் கதையே வேறு. ஆனால் அரிசி இருந்தால் போதுமா? குழம்புக்கு என்ன செய்வது? பருப்புக்கும் வத்தலுக்கும் எண்ணெய்க்கும் விலை பேசுகிற மார்க்கெட் விருதுநகர். அதற்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நாங்கள் மாதக்கணக்கில் ரசமும் துவையலுமாகச் சாப்பிட்டோம்.

அந்த நாட்களில் அம்மா ராத்திரி தூங்கவில்லை. முழித்துப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். வாரத் தவணைக் குழு லோன், பால்காரர் பாக்கி, ஆபீசில் வாங்கிய முன்பணம். "ஏம்மா தூங்கல?" என்றால், "கண்ணு அசரல பாப்பா, நீ தூங்கு" என்பார். பகலில் தலைவலி, யாரிடமும் பேச்சில்லை, தட்டு விழுந்தால்கூட அழுகை. "அவளுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. கோட்டியும் இல்லை, குணக்கேடும் இல்லை. முதல் கேள்விக்கு அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இது எனக்கு இப்போது படிக்கும்போதுதான் புரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கமில்லாத கண்ணோடும் சாப்பிடாத வயிறோடும் லேத்தில் நின்றால் விரல் போகும் என்று ஒர்க்‌ஷாப்பில் நமக்குச் சொல்கிறார்கள். உராய்ந்தால் வெடிக்கும் மருந்தைக் கையாளுகிறவர்களுக்கு அது எத்தனை மடங்கு பொருந்தும்! பட்டாசுத் தொழிலாளியின் காலைச் சாப்பாடும் ராத்திரித் தூக்கமும் பாதுகாப்புச் சாதனங்களில் சேர்த்தி என்பது என் கருத்து.

பாதை ஒருவழியும் அல்ல. பசி மனதைக் கெடுப்பதுபோல், கெட்ட மனமும் பசியைக் கொண்டுவரும். மனச்சோர்வு வந்தவர் வேலைக்குப் போக மாட்டார், உலை வைக்க எழுந்திருக்க மாட்டார். வேலை போகும், வருமானம் போகும், பசி கூடும். இது செக்கு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். எங்காவது ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும்.

நல்லதங்காள் சொல்லும் பாடம்

நம் மாவட்டத்தில் வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் கோவில் இருக்கிறது. கதை உங்களுக்குத் தெரியும். மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருந்தான். அண்ணி மூளியலங்காரி சோறு போடவில்லை, அவமானப்படுத்தினாள். முடிவு, பாழுங்கிணறு.

சின்ன வயதில் இதைப் பஞ்சக் கதை என்றுதான் கேட்டேன். இப்போது நினைத்தால், பஞ்சத்தில் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள்! பசி அவள் நம்பிக்கையை அழிக்கவில்லை. வாசலில் நின்று கேட்டும் கதவு மூடியதே, அதுதான் அழித்தது. அன்றைக்கு ஒரே ஓர் ஆள் குறுக்கே வந்து, "வா தாயி, பிள்ளைகள உக்கார வை" என்று சொல்லியிருந்தால் அந்தக் கிணற்றுக்குக் கதையே இல்லை.

பசியைவிட வெட்கம் கொடியது. "சாப்ட்டாச்சு" என்று பொய் சொல்ல வைப்பது அதுதான்.

விருதுநகர் தந்த விடை

1867ஆம் ஆண்டு வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். வருகிறவர் யார், என்ன சாதி என்று கேட்காமல் சோறு போட்டார். நம் விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல், பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் வந்தது. கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்கள் உதவியைத் திரட்டினார். ஆடு மேய்த்த சிறுவன் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். அதனால் அதை இங்கே எழுதவில்லை. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001 நவம்பர் 28 அன்று, நாடு முழுக்க அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது.

இந்தத் திட்டங்களின் பலம் வெறும் கலோரியில் இல்லை. மணி அடித்தால் சோறு. யாரும் கையேந்த வேண்டாம், கதை சொல்ல வேண்டாம். தலையாரி மகனும் கூலிக்காரி மகளும் ஒரே வரிசை. நாளைக்கும் மணி அடிக்கும் என்பது பிள்ளைக்குத் தெரியும். கவலை, வெட்கம் இரண்டையும் அந்த ஒரு மணி துரத்திவிடுகிறது! 2018-19இல் ஆபீஸ்கள் மூடிக்கிடந்த மாதங்களில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லாமல் கிடைத்த சாப்பாடு பள்ளிக்கூடத்துச் சோறும் முட்டையும்தான்.

பத்தாம் வகுப்போடு மணி நின்றுவிடுகிறது

சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பத்து முடித்ததும் நாம் பாலிடெக்னிக் வருகிறோம். வயது 15, 16. உடம்பு வளரும் வயது. புதுப் பாடம், இங்கிலீஷ் புத்தகம், பஸ் பயணம், வீட்டின் மொத்த நம்பிக்கையும் நம் தலையில். சரியாக அந்த இடத்தில் மணி நின்றுவிடுகிறது! அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு 2022இலும், ஆண்களுக்கு 2024இலும் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. அந்தப் பணம் பல வீடுகளில் பாக்கிக்குத்தான் போகிறது. குறை சொல்லவில்லை, வீடு அப்படி.

மத்தியான நேரம் நூலகத்தில் போய் உட்காருகிற எல்லோருமே படிப்பாளிகள் இல்லை, நண்பர்களே. டிபன் பாக்ஸ் கொண்டுவராதவர்கள் போய் உட்காரும் இடமும் அதுதான். மூன்றாவது பீரியடில் தூங்குகிறவர் எல்லோரும் சோம்பேறிகளும் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

1. "சாப்ட்டியா?" என்று கேட்காமல் "இன்னைக்கு என்ன சாப்ட்ட?" என்று கேட்டுப் பழகுவோம். முதல் கேள்விக்குப் பொய் சொல்வது சுலபம். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்; அந்த யோசனையிலேயே நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள்.

2. தனித்தனியாகச் சாப்பிடாமல் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸை நடுவில் வைப்போம். யார் கொண்டுவந்தார், யார் கொண்டுவரவில்லை என்ற கணக்கு அங்கே இருக்காது.

3. மாணவர் மன்றத்துக்கு என் பணிவான வேண்டுகோள். கேன்டீனில் பெயர் எழுதாத சாப்பாட்டு டோக்கன் வைப்போம். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். எல்லோரும் காசு கொடுத்து வாங்கும் டோக்கன் என்ன கலரோ அதே கலர். விண்ணப்பம் வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், மேடையில் வைத்துக் கொடுப்பதும் போட்டோ எடுப்பதும் கண்டிப்பாக வேண்டாம். ஒரு சாப்பாடு 50 ரூபாய், தினம் 10 பேர் என்று வைத்தால் 500 ரூபாய். 500 பேர் படிக்கும் கல்லூரிக்கு அது தலைக்கு ஒரு ரூபாய்! "தேவையில்லாதவனும் எடுப்பானே" என்று சிலர் கேட்கலாம். எடுக்கட்டுமே. இருவர் சும்மா எடுப்பதால் வரும் நஷ்டம் நூறு ரூபாய். ஒருவர் வெட்கப்பட்டு எடுக்காமல் போனால் வரும் நஷ்டத்துக்குக் கணக்கே இல்லை.

4. உதவித்தொகை விண்ணப்பம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது போன்றவற்றை ஃபார்ம் நிரப்பத் தெரிந்த நாம் மற்றவர்களுக்கும் செய்து கொடுப்போம். நம் வீடுகளில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள்.

5. ஒரு நண்பர் இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல், பேசாமல், எதிலும் பிடிப்பில்லாமல், "படிச்சு என்னத்தக் கிழிக்க" என்றோ "நான் இருந்து என்ன" என்றோ பேசினால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். சோறு மட்டும் எல்லாவற்றையும் குணமாக்காது. மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு மருத்துவம் உண்டு. அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணும் இருக்கிறது. அரசு மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். காய்ச்சலுக்குப் போவதுபோல் போய் வரலாம்.

நண்பர்களே! நாம் எல்லாம் நாளைக்கு எஞ்சினியர்கள், சூப்பர்வைசர்கள். சிலர் இதே பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளிலேயே பொறுப்பில் இருப்போம். நம் கையில் நாலு பேர் வேலை செய்யும்போது, காலையில் மெஷினை ஆன் பண்ணுவதற்கு முன்னால் அவர்கள் முகத்தையும் ஒரு தடவை பார்ப்போம். அதுவரைக்கும், நம் வகுப்பில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்திலிருந்து தொடங்குவோம். பள்ளியில் அடித்த அந்த மத்தியான மணி நம் கல்லூரியிலும் அடிக்கட்டும்!